மண்டைக்காட்டு வெடிக்கு அசையாத வெள்ளை நாய்

மாட்டு டாக்டருக்குப் படித்து வேலைக்குப் போகிற உங்களில் ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது, "உங்க காலத்துல சீமை நாயெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்ததா சார்?" என்று கேட்டார். வந்தது. ஒன்றே ஒன்று. அதை நான் என்ன பாடு படுத்தினேன் என்று கேட்டால், அதற்குப் பிறகு வேறொன்று ஏன் வரவில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சென்னையில் படித்து முடித்து, தலையில் ஒரு சோலாத் தொப்பியும் அதற்குள் அதைவிடக் கனமான நினைப்புமாகக் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்தேன். மாடு பார்ப்பேன், எருமை பார்ப்பேன், சந்தை நாளில் ஆடும் பார்ப்பேன். நாயை யாரும் கொண்டு வர மாட்டார்கள். நாய்க்கு நோவு வந்தால் அது தானே எங்காவது போய்ப் படுத்து எழுந்து வரும், அல்லது வராது. எனக்கும் அதில் வருத்தமில்லை. கல்லூரியில் நாயைப் பற்றி நடந்த பாடங்களில் எனக்கு நினைவில் நின்றது வெறிநாய்க்கடி மட்டும்தான். அதை ஒன்றுவிடாமல் நெட்டுருப் போட்டிருந்தேன். ஒன்றை மட்டும் நன்றாகப் படித்தவனுக்குப் பார்க்கிற இடமெல்லாம் அதுதான் தெரியும். என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஞானப்பூ டீச்சர் ஒரு நாள் வில்வண்டியில் வந்து இறங்கினார். இலங்கை மலைத்தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் பல காலம் வேலை பார்த்துவிட்டு, மண்டைக்காட்டுக்குப் போகும் வழியில் இருந்த தன் குடும்ப வீட்டுக்குத் திரும்பியிருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பெரிய வீட்டில் அவரும், இலங்கையிலிருந்து கூட்டி வந்த ஒரு நாயும்தான். தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது அதை டீச்சரிடம் விட்டுப் போயிருந்தார். பிரெஞ்சு புல்டாக் சாதி. நான் அதுவரை படத்தில்கூடப் பார்த்ததில்லை. குட்டைக் கால், சப்பை மூக்கு, வௌவாலுக்கு இருப்பதுபோல் விறைத்த காது, உடம்பு முழுக்க வெள்ளை. வண்டியிலிருந்து இறக்கியபோது, வாசலில் மாட்டோடு நின்றவர்கள் பன்றிக்குட்டி என்று நினைத்து விலகி நின்றார்கள்.

துரை கொடுத்ததாலும் வெள்ளையாக இருந்ததாலும் டீச்சர் அதற்குத் துரை என்றே பெயர் வைத்திருந்தார். நான் அரசாங்க உத்தியோகஸ்தன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'துரைக்குச் சொறி' என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. 'வெள்ளை நாய்' என்று எழுதினேன்.

சொறி என்று நான்தான் முடிவு செய்தேன். நாய்க்குக் காது ஓரமும் மூக்கின் மேல்புறமும் அடிவயிறும் சிவந்து கிடந்தன, சொறிந்துகொண்டே இருந்தது. மலைக்குளிரில் வளர்ந்த நாயை டீச்சர் தினமும் கடற்கரை மணலில் நடத்திக் கூட்டிப் போகிறார் என்பதை நான் கேட்கவில்லை. கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொடுத்து, "மேலெல்லாம் பூசி நல்ல வெயிலில் நிறுத்துங்கள், எண்ணெய் ஊறட்டும்" என்றேன். நம் ஊரில் பிறந்த பிள்ளையிலிருந்து வண்டிமாடு வரை எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேய்த்து வெயில் காட்டித்தானே பழக்கம்! நம் வெள்ளைக் காளையின் மயிரை விலக்கிப் பாருங்கள், கீழே தோல் கறுத்திருக்கும். எந்த வெயிலையும் தாங்கும். அந்த நாய்க்கு மயிரும் வெள்ளை, அதன் கீழே தோலும் வெள்ளை. மயிரை விலக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பப்படம் பொரிப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன்.

போகும்போது டீச்சர் ஒரு குறை சொன்னார். "கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான் டாக்டர். துரை வீட்டுல வளந்தவன் பாத்தியளா, தமிழ மதிக்க மாட்டான். இங்கிலீஷ்ல சொன்னா கேப்பான்." சொன்னதோடு நிற்காமல் நாயின் முன்னால் குனிந்து கையை நீட்டி, "கம் ஹியர், துரை" என்றார். வந்தது. நானும் என் பங்குக்கு நின்ற இடத்திலிருந்தே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கம் ஹியர்" என்றேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது என்று நான் வெட்கப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

மறுபடி வந்தபோது காதில் கொப்புளம், மூக்கில் தோல் உரிந்து ரணம். கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டே இருந்தது. வெளிச்சத்தைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடுகிறது என்றார் டீச்சர். "மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, நிறுத்த வேண்டாம்" என்றேன். இப்படிச் சொல்வதற்குப் படிப்பு வேண்டும்.

மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா வந்தது. டீச்சர் வீட்டு வாசல் வழியாக நாள் முழுக்கச் சனம் போய்க்கொண்டிருந்தது. அவர் வீட்டுப் பலாமரத்து நிழலில் கொஞ்சம் நின்று இளைப்பாறிவிட்டுப் போவார்கள். கடியப்பட்டணத்து மீன்காரி சிலுவையம்மாள் கருங்கல்லில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் அந்த நிழலில் பனையோலைப் பெட்டியான கடவத்தை இறக்கி வைத்தாள். மரத்துக்குப் பின்னால் துரை தூங்கிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. கடவம் அதன் முதுகில் இடித்தது. அது துள்ளி எழுந்து அவள் கையைக் கவ்விவிட்டது.

எனக்கு ஆள் வந்து, நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, கல்லெறிக்குப் பயந்து ஓடிய நாயை விறகுப்புரையில் அடைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வாசல் கொள்ளாத கூட்டம். கொப்பரை வியாபாரி தவசிமுத்து, வௌவால் சுடுகிற துப்பாக்கியோடு முன்னால் நின்றார்.

"பேப்பட்டியாக்கும் டாக்டரே! வாயப் பாரும், நுர தள்ளுது."

அந்தப் பக்கத்தில் நாய்க்குப் பட்டி என்று பெயர், வெறிநாய்க்குப் பேப்பட்டி. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாயில் நுரை. மூச்சு கரகரவென்று அறுத்துக்கொண்டு வந்தது. குரல் கம்மியிருந்தது. வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பியது. உடம்பெல்லாம் தன்னைத்தானே பிறாண்டிய ரணம். நான் நெட்டுருப் போட்ட குறிகள் வரிசை மாறாமல் நின்றன. என் பாடப் புத்தகத்துக்குப் படம் வரைய நாய் தேடியிருந்தால் இதைத்தான் பிடித்திருப்பார்கள்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். அழவில்லை. "நீங்க சொன்ன மருந்தத்தான் பூசினேன் டாக்டர். ஒரு நாளும் தவறல்ல. நல்ல வெயில்லதான் நிறுத்தினேன்" என்றார். அதைக் கேட்டபிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"என்னத்துக்கு ஓய் யோசிக்குதீரு? ஒம்ம வாயில இருந்து ஒரு வார்த்த வந்தா போதும்" என்றார் தவசிமுத்து.

அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது கோயிலில் யாரோ நேர்ந்துகொண்ட வெடி வழிபாடு. கதினா வெடி தெரியுமல்லவா, இரும்புக் குழாயில் மருந்தை இடித்துக் கொளுத்துவார்கள், காது அடைத்துப் போகும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். காகங்கள் பறந்தன, பிள்ளைகள் வீரிட்டன, தவசிமுத்துவின் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது, நான் குனிந்ததில் தொப்பி விழுந்து உருண்டது. குனிந்ததில் பலகை இடுக்கு கண்ணுக்கு நேரே வந்ததால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டேன். உள்ளே இருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

என்னைப்போலவே வேறொரு இடுக்கு வழியாக அதைப் பார்த்த ஒரு பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "கண்டியளா மக்கா, அம்மனுக்க வெடிக்கே அனங்கல்ல! இது பட்டியில்ல, பேயாக்கும்!"

கூட்டத்துக்கு அது பெரிய சாட்சியாகிவிட்டது. எனக்கோ எல்லாம் தலைகீழாகப் போனது. வெறி பிடித்த நாய்க்குச் சின்னச் சத்தமும் ஆகாது, கதவு கிரீச்சிட்டாலே பாயும் என்பதுதான் பாடம். இத்தனை வெடிக்கும் இது சும்மா இருக்கிறதென்றால் நான் அடுக்கிய குறிகளில் ஒன்று பெரிதாக இடிக்கிறது.

"டீச்சர், நீங்கள் புரைக்குப் பின்பக்கம் போய், அவன் உங்களைப் பார்க்காதபடி நின்று கூப்பிடுங்கள்" என்றேன்.

அவர் போனார். "கம் ஹியர், துரை" என்றார். நாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கிய குரலில் கூப்பிட்டார். கூட்டம் அடங்கிவிட்டது, நாய் திரும்பவில்லை. நான் ஒரு கம்பை இடுக்கில் நுழைத்து அதன் பின்னால் தரையில் தட்டினேன். காலில் அதிர்வு பட்டதும் சட்டென்று திரும்பிப் பார்த்தது.

டீச்சர் இந்தப் பக்கம் வந்தார். "கேக்கல்லியா?" என்றார்.

"காது கேட்காது டீச்சர். பிறவியிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்."

"அப்போ நான் கைய நீட்டுனதப் பாத்துத்தான் வந்தானா?" என்று கேட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "தெனமும் அவன்கிட்டதான் டாக்டர் எல்லாம் சொல்லுவேன். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

ஆனால் தம்பிமாரே, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். செவிட்டு நாய்க்கு வெறி பிடிக்காது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தூக்கத்தில் தொட்டதால் கடித்தது, சப்பை மூக்கோடு ஓடியதால் நுரை, தோல் ரணம் என் கைவேலை, கண் கூசுவது வெயிலால் என்று எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே எனக்குப் பயமாக இருந்தது. நான் நினைத்தது தப்பென்றால் செத்துப்போவது நாயில்லை, தொட்டித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிலுவையம்மாள்.

சோப்புப் போட்டுக் கடிவாயை நன்றாகக் கழுவச் சொன்னேன். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும் என்றேன். நாயைச் சுடக்கூடாது, கட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடிக்கும்போது எச்சிலில் விஷம் இருந்திருந்தால் அது பத்து நாளைத் தாண்டாது, தாண்டினால் அந்தக் கடியால் இவளுக்கு ஆபத்தில்லை என்றேன்.

"கெட்டிப் போடணும்னா யாருக்க வீட்டுல ஓய் கெட்டுவீரு?" என்றார் தவசிமுத்து. "இந்த அம்மைக்க வீட்டுல விட மாட்டோம். வழியெல்லாம் ஆளாக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் வீட்டில்" என்று சொல்லிவிட்டேன். வீரத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைவிடக் கோழைத்தனமான பதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

சிலுவையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "டாக்கிட்டரே, இந்தப் பட்டி செத்துப்போச்சுன்னா நானும் போயிருவேன், அப்படியா?"

"செத்தால் ஊசி முழுக்கப் போட வேண்டும். உயிரோடு இருந்தால் பாதியில் நிறுத்திவிடலாம்."

"அப்பம் அத உயிரோட வையும்" என்றாள்.

வீட்டுக்கு ஒரு கூண்டு வண்டியில் துரை வந்து இறங்கியது. கன்று கட்டும் கொட்டிலில் கம்பி அடித்து உள்ளே விட்டோம். என் மனைவி, "மாட்டு டாக்டர்னு சொல்லித்தானே எங்க அப்பா கெட்டிக் குடுத்தாரு. பேப்பட்டிக்குக் காவல் இருக்கணும்னு யாரும் சொல்லல்லியே" என்றாள். எனக்குத் தலையில் கோளாறு என்று முடிவு செய்து, மண்டைக்காட்டம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டாள். தலைநோவு தீர நேர்கிற காணிக்கை அது. எனக்கு ஒன்று போதாது என்று நானே நினைத்தேன்.

எண்ணெயையும் கந்தகத்தையும் கழுவி எடுத்தேன். வெயில் படாத மூலையில் கிடக்க விட்டேன். ரணத்தில் ஈர மல்துணியைக் கம்பு நுனியில் சுற்றி ஒற்றினேன். நான் மருந்தை நிறுத்தியதும் நாய்க்குக் குணம் தெரியத் தொடங்கியது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் காலையில் வந்து கம்பிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். சிலுவையம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். வாசலில் நின்று, "கெடக்கா?" என்பாள். "கெடக்கு" என்பாள் என் மனைவி. முதல் நாள் அதோடு போய்விட்டாள். அப்புறம் சாளை மீன் அவித்துக் கொண்டுவரத் தொடங்கினாள். கம்பி வழியாகத் தூக்கிப் போட்டு, "தின்னு, சப்ப மூஞ்சி. நீ செத்தா எனக்கப் பிள்ளையளுக்கு ஆரு இருக்கா?" என்பாள். கடித்த நாயைக் கடிபட்டவள் ஊட்டி வளர்ப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பத்து நாள் கெடு முடியப் போகிற சமயத்தில் ஒரு மத்தியானம் காற்று அடியோடு நின்றுவிட்டது. துரை கொட்டிலில் சரிந்து விழுந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது, மூச்சு உள்ளே போகாமல் உறுமியது, வாய் நிறையக் கோழை. சிலுவையம்மாள் அப்போதுதான் வந்தாள். பார்த்தாள், வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெறிநோயின் கடைசிக் கட்டமும் இப்படித்தான் விழும். சப்பை மூக்கு நாய்க்கு உஷ்ணம் தாங்காமல் போனாலும் இப்படித்தான் விழும். முன்னதென்றால் கிட்டப் போகக் கூடாது. பின்னதென்றால் உடனே வாயில் கையை விட்டுக் கோழையை எடுக்க வேண்டும். எந்தப் புத்தகமும் அந்த நேரத்தில் உதவிக்கு வராது. வலது கையை உபயோகிப்பதா இடது கையை உபயோகிப்பதா, எது போனால் பரவாயில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அதற்குள் டீச்சர் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். அவரைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு நான் உள்ளே போனேன். அறுபது வயதுப் பெண்ணை முன்னால் விட்டு நான் பின்னால் நிற்பதை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

துணியைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு வாயைப் பிளந்தேன். கோழையை வழித்து எறிந்து நாக்கை முன்னால் இழுத்தேன். "தண்ணீர்!" என்று கத்தினேன். என் மனைவி குடம் குடமாகக் கிணற்று நீரைக் கொண்டுவந்து அதன் மேலும் என் மேலும் ஊற்றினாள். தள்ளி நின்று ஊற்றச் சொன்னேன். "நீங்க வாயப் பாருங்க" என்றாள். டீச்சர் அரிசி புடைக்கும் சுளகால் வீசினார். நாய் கடிக்க நினைத்திருந்தால் அப்போது என் கை முழுக்க அதன் வாய்க்குள்தான் இருந்தது. கடிக்கவில்லை. மெல்ல உறுமல் குறைந்தது. நாக்கின் நீலம் வெளுத்துச் சிவப்பானது. தலையைத் தூக்கி, குடத்திலிருந்து விழுந்த தண்ணீரை நக்கியது.

"வெள்ளம் குடிக்கு! டாக்கிட்டரே, வெள்ளம் குடிக்கு!" சிலுவையம்மாள் எழுந்துவிட்டாள். நோய் கண்ட மனிதர்தான் தண்ணீரைக் கண்டு நடுங்குவார்கள், நாய் கடைசிவரை குடிக்கப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் இருந்ததில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

வெள்ளை நாய் உங்களிடம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இத்தனை கெடுத்தவன் சொன்னால் நம்பலாம். தோலுக்கு நிறம் தருகிற உயிரணுக்கள்தான் உட்காதுக்கும் வேண்டியவை என்று பின்னால் படித்தேன். தோலில் இல்லாவிட்டால் சில நாய்களுக்கு அங்கேயும் இருப்பதில்லை. எல்லா வெள்ளை நாயும் செவிடில்லை. சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் போயிருக்கும், வளர்த்தவர்களுக்கே தெரியாது. அது பார்க்காத பக்கத்தில் நின்று, தரை அதிராமல், காற்று படாமல் சத்தம் கொடுத்துப் பாருங்கள். தூங்கும்போது தொடாதீர்கள், தரையைத் தட்டி எழுப்பச் சொல்லுங்கள். மத்தியான வெயிலில் விடாதீர்கள். காதிலும் மூக்கிலும் ஆறாத புண் இருந்தால் சொறி என்று எழுதும் முன் மயிரை விலக்கிப் பாருங்கள். அதற்கு ஒரு விரல் போதும். எனக்கும் பத்து விரல் இருந்தது.

கெடு தாண்டிய காலையில் துரை சாப்பிட்டுவிட்டு, குட்டை வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு நின்றது. நான் கம்பிக் கதவைத் திறந்தேன். டீச்சர் தரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினார், ஒரு வார்த்தையும் சொல்லாமல். அது ஓடி வந்து மடியில் ஏறியது. அவர் அழுதார். தவசிமுத்துகூட வந்திருந்தார், துப்பாக்கி இல்லாமல். "நான் அன்னைக்கே நெனச்சேன் டாக்டரே, இதுக்குப் பேயெல்லாம் இல்லன்னு" என்றார்.

சிலுவையம்மாளிடம், "இனி ஊசி வேண்டாம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கடவத்தை இறக்கி வைத்துவிட்டு நாயின் முன்னால் போய் நின்றாள். காலால் தரையைத் தட்டினாள். அது அவளைப் பார்த்துத் திரும்பியது. அவ்வளவு நாளும் நாய் செத்துவிடக்கூடாதே என்று அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அப்போது அவிழ்த்துவிட்டாள். கடியப்பட்டணத்துக் கடற்கரையில் என்னென்ன ஏச்சு உண்டோ அத்தனையும் வந்தது. நாயின் மூக்கு, அதன் சாதி, அதைப் பெற்றது, அதைக் கப்பலேற்றியது, வயிற்றில் குத்திய ஒவ்வொரு ஊசி, வெயிலில் நிறுத்தி எண்ணெய் பூசச் சொன்னவனின் படிப்பு, அவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கல்லூரி என்று ஒன்றையும் விடவில்லை. துரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டேன். அங்கே நின்றவர்களில் அது யாருக்குச் சேர வேண்டுமோ, அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது.